கார் ஷெட்டில் மரவேலைப் பட்டறை: மெஷின் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2023 ஜூனில் நான் செய்த முதல் காரியம், 32,000 ரூபாய் கொடுத்து ஒரு டேபிள் சா (பிளேடு மேசையின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மரம் அறுக்கும் மெஷின்) வாங்கியது. அது எட்டு மாதம் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஆறு மாத வாரண்டி பெட்டிக்குள்ளேயே முடிந்தது. அந்தப் பெட்டியின் மேல் அம்மா வடாம் காயவைத்ததுதான் மிச்சம். ஷெட்டில் பொருத்தமான பிளக் இல்லை, பலகையைத் தள்ள இடம் இல்லை, தூசு போக வழி இல்லை. இதெல்லாம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு மேடவாக்கத்தில் ஒரு சின்னத் தனி வீடு. கார் ஷெட் 10 அடிக்கு 18 அடி. மேலே தகரக் கூரை, இரண்டு பக்கம் சுவர், ஒரு பக்கம் கிரில், முன்னால் கேட். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பொழுதுபோக்காக மரவேலை செய்ய ஆசைப்பட்டு, வீட்டிலேயே பட்டறை வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த வரிசையில் அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசையில்.

1. அளந்து, கட்டம் போட்ட நோட்டில் வரையுங்கள்

ஒரு அடிக்கு இரண்டு கட்டம் என்று வைத்து ஷெட்டை வரையுங்கள். தூண், தண்ணீர்க் குழாய், மீட்டர் பெட்டி, சம்ப் மூடி, கேட் திறக்கும் வளைவு எல்லாம் அதில் வரவேண்டும். சம்ப் மூடி மேல் மேசையைப் போட்டுவிட்டு, தொட்டி கழுவ ஆள் வந்த அன்று எல்லாவற்றையும் நகர்த்திய அனுபவம் எனக்கு உண்டு. அதே அளவுகோலில் மேசை, மெஷின், அலமாரி ஒவ்வொன்றையும் காகிதத்தில் வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒரு மாலை போதும், செலவு பத்து ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது மெஷின் அடைக்கும் இடத்தை அல்ல, மரம் நகரும் இடத்தை. பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக வரும். 8 அடி நீளத்துக்கு அதை டேபிள் சாவில் அறுக்க, பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் மெஷின். ஆக மொத்தம் 18 அடி ஷெட் நிறைந்துவிடும், நீங்கள் கேட்டுக்கு வெளியே தெருவில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கை நான் பில் போட்ட பிறகுதான் போட்டேன்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. தரையில் தெர்மாகோல் ஷீட்டை விரித்து, மேலே பிளைவுட்டைப் படுக்கவைத்து, நேரான அலுமினியப் பட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவால் அறுக்கலாம். அல்லது வாங்கும் கடையிலேயே அறுத்து வாங்கலாம். பல பிளைவுட் கடைகளில் ஒரு அறுப்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். அரை அங்குலம் கூடுதலாக விட்டு அறுக்கச் சொல்லுங்கள். ஓரத்தை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

அப்புறம், கார். கார் உள்ளே நிற்க வேண்டுமா, தெருவில் நிற்குமா என்பதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பேசி முடிவு செய்யுங்கள். உள்ளேதான் நிற்க வேண்டும் என்றால், எல்லாமே சுவரோரம் இரண்டடி ஆழத்துக்குள் அடங்க வேண்டும், அல்லது சக்கரம் வைத்ததாக இருக்க வேண்டும். பூட்டு வைத்த சக்கரமாக வாங்குங்கள், நான்கிலும் பூட்டு இருக்கட்டும்.

2. அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள பார்க்கிங்கில் பட்டறை போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது வண்டி நிறுத்த ஒதுக்கிய இடம், சங்கம் ஒத்துக்கொண்டாலும் நாளைக்கு ஒருவர் புகார் கொடுத்தால் நிற்காது. வாடகை வீடு என்றால், சுவரில் துளை போடவும் தனி மின்சார லைன் இழுக்கவும் சம்மதம் என்று உரிமையாளரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி, காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் ஆன கதை என் நண்பர் ஒருவருக்கு நடந்தது.

தனி வீட்டிலும் சத்தம் ஒரு விஷயம்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ரூட்டரோ (மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் குடையும் மெஷின்) சர்க்குலர் சாவோ ஓடினால், பக்கத்தில் நிற்பவருக்கு 90-ஐத் தாண்டும். ஆக, விதியைக் காட்டி நாம் ஜெயிக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் முதலிலேயே போய், “சனி ஞாயிறு காலையில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் மெஷின் ஓடும், பரீட்சை நேரத்தில் ஓடாது” என்றேன். “மத்தியானம் குழந்தை தூங்கும், அப்போ மட்டும் வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை பிரச்சினை இல்லை. எதிர் வீட்டில் சொல்ல மறந்தேன். அங்கிருந்துதான் முதல் சண்டை வந்தது.

3. கரண்ட்: இங்கேதான் பணமும் நாளும் போகும்

பெரும்பாலான வீடுகளில் கார் ஷெட்டுக்கு என்று தனி லைன் கிடையாது. வாசல் விளக்கு லைனிலிருந்து ஒரு 6 ஆம்பியர் பிளக்கைத் தட்டி வைத்திருப்பார்கள். அதில் வண்டி கழுவும் பம்பு ஓடும், டிரில் ஓடும், மரம் அறுக்கும் மெஷின் ஓடாது. கணக்கு எளிது. 2,000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். தூசு உறிஞ்ச 1,400 வாட் வாக்குவம் கூட ஓடினால் இன்னொரு 6. சேர்த்தால் 15 வந்துவிட்டது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை:

மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர். தூரம் குறைவு என்றால் 2.5 போதும் என்பார்கள். எனக்கு 14 மீட்டர் தூரம், வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், 4-ஆகவே போடச் சொன்னேன்.

எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச், ‘சி’ வகையாக இருக்கட்டும். வீட்டு விளக்குகளுக்குப் போடும் ‘பி’ வகை, மதிப்பைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்திலேயே விழுந்துவிடும். ‘சி’ ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும். மெஷினைப் போட்டதும் டப்பென்று அணைகிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், ஒன்று கட்டாயம். உயிர் காப்பது இதுதான், எம்சிபி அல்ல. இதில் சிக்கனம் வேண்டாம்.

சுவரில் நான்கு அடி உயரத்தில் 16 ஆம்பியர் பிளக்குகள், குறைந்தது மூன்று, வேறு வேறு சுவர்களில். எக்ஸ்டென்ஷன் ஒயரை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். சுருள் ஒயர் என்றால் முழுவதையும் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஷெட் பிளக்கில் மூன்று துளை இருந்தது, மூன்றாவது துளையின் பின்னால் ஒயரே இல்லை. வெறுங்காலோடு மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டபோது சுரீரென்று கூசியது. அது எதனால் என்று ஒயர் இல்லாததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இன்வெர்ட்டர் லைனில் எந்த மெஷினையும் சேர்க்க வேண்டாம். இன்னொன்று, நம் ஊருக்கே உரிய ஆபத்து. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடும். நாம் சுவிட்சை அணைக்காமல் உள்ளே போய் காபி குடிப்போம். கரண்ட் வந்ததும் மெஷின் தானே ஓடும். ஒருநாள் நான் வந்து பார்த்தபோது ஆளில்லாத ஷெட்டில் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் பொருத்தும் எந்த மெஷினுக்கும் ‘நோ வோல்ட்’ சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் அது தானே விழுந்துவிடும், திரும்ப நாம் அழுத்தினால்தான் ஓடும். இல்லையென்றால் தனியாக வாங்கி மாட்டலாம்.

எனக்கு ஆன செலவு, கூலி 2,500 சேர்த்து, 9,400 ரூபாய். வேலை ஒன்றரை நாள்.

ஆவணங்கள். ஈபி பில்லில் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று இருக்கும். அதைப் பாருங்கள். பழைய வீடுகளில் மிகக் குறைவாக இருக்கும். ஒரு ஏசி, ஒரு கீசர் இருந்தாலே அதைத் தாண்டியிருப்போம். லோடு கூட்ட ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, சொத்து வரி ரசீது, கடைசி பில் மூன்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் விழுந்த குழி: இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் மற்றது என்றார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, தங்கையின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. வாரிசுச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களுக்கு இன்னும் நாளாகும். உங்கள் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பில் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மெஷின்கள் ஓடுவது நிமிடக் கணக்கில்தான். 2,000 வாட் மெஷின் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட்டுக்கு மேல் கூடவில்லை. ஸ்லாப் எல்லையில் நிற்பவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தண்ணீர், கரையான், துரு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். டேபிள் சா பெட்டியை மட்டும் முதல் நாள் இரவே ஹாலுக்கு ஏற்றிவிட்டேன். தரையில் அடுக்கியிருந்த மூன்று பிளைவுட் ஷீட்டுகள் போயின. ஓரம் ஊதி, அடுக்கு அடுக்காகப் பிரிந்து, ஊறின அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. நான்கு அடி உயரத்தில் பிளக் என்று மேலே எழுதினேனே, அது அன்றைக்குக் கற்றது.

சென்னையிலோ கடலூரிலோ, தண்ணீர் நிற்கும் எந்தத் தெருவிலோ இருந்தால், தரையில் நிற்பது மேசைக் கால்கள் மட்டுமாக இருக்கட்டும். மற்றதெல்லாம் சுவரில், ஒன்றரை அடிக்கு மேல். மேசைக் கால்களுக்கு அடியிலும் ரப்பரோ கிரானைட் துண்டோ வையுங்கள். சிமெண்ட் தரையிலிருந்து ஏறும் ஈரமே கால் நுனியை அழுகவைத்துவிடும்.

மரத்துக்கு இரண்டு வகை எதிரிகள். சுவரோரம் மண் கோடு ஏறினால் கரையான். மரத்துக்கு அடியில் மைதா மாதிரி மெல்லிய தூள் குவிந்தால் உளுப்பூச்சி. கரையானுக்கு மருந்து அடிக்கும் ஆட்களை அழைத்து, மரம் உள்ளே வருவதற்கு முன்பே தரை ஓரமெல்லாம் அடித்துவிடுங்கள். பூந்தொட்டிகளைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். உளுப்பூச்சிக்கு விருப்பமானது மரத்தின் வெள்ளைப் பகுதி. வைரம் பாய்ந்த பகுதியை அது அவ்வளவாகத் தொடாது. வாங்கும்போதே வெள்ளை விழுந்த மரத்தைத் தள்ளிவிடுவதுதான் மலிவான வைத்தியம்.

உளி, இழைப்புளிப் பட்டை, ரம்பம் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒரு துணியில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், போதும்.

5. தூசு

இதை நான் கடைசியில் யோசித்தேன். நீங்கள் மேசைக்கு முன்பே யோசியுங்கள். மரத்தூள் சும்மா அழுக்கு அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம்மைப் போல் வாரத்துக்கு மூன்று மணி நேரம் செய்பவருக்கு ஆபத்து குறைவு என்றாலும், மூச்சில் போவதைக் குறைப்பது கஷ்டமான காரியம் இல்லை.

கீழே விழும் சுருளும் சீவலும் பிரச்சினை இல்லை. துடைப்பம் போதும். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும் பொடிதான் பிரச்சினை, அது அதிகம் வருவது உப்புத்தாள் போடும்போது. அதனால் உப்புத்தாள் போடும் மெஷினான சாண்டரையும் வாக்குவத்தையும் ஒரே குழாயில் இணைத்துவிடுங்கள். ஈரம், உலர்வு இரண்டும் உறிஞ்சும் வாக்குவம் 6,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வாக்குவத்தின் பில்டர் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். நடுவில் மூடி போட்ட பக்கெட்டும் ஒரு சுழல் கூம்பும் வைத்தால் தூளில் பெரும்பகுதி பக்கெட்டிலேயே விழுந்துவிடும். கூம்பு மட்டும் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். பக்கெட் பெயிண்ட் காலி டப்பா.

கிரில் பக்கம் 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று. எந்தத் திசைக்கு ஊதுகிறது என்று பார்த்து மாட்டுங்கள். நான் மாட்டியது பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடியைப் பார்த்து ஊதியது. வெள்ளை வேட்டியில் வேங்கைத் தூள் படிந்தால் மஞ்சள் கறை, லேசில் போகாது. விசிறியையும் மாற்றினேன், வேட்டியும் வாங்கிக் கொடுத்தேன்.

முகத்துக்கு என்95. துணி முகமூடி இதற்கு உதவாது. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, மூன்றும் சேர்த்து 600 ரூபாய். கையுறை மட்டும் சுற்றும் மெஷினில் போடக் கூடாது. நூல் சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதற்கும் அதே விதி.

தூசோடு நெருப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பு வைக்காமலே அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்து வெயிலில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்றை வெளியேறும் வழியோரம் மாட்டுங்கள், மெஷினுக்குப் பின்னால் அல்ல.

6. மேசையைக் கையால் செய்யுங்கள்

எங்கள் தெருவில் நிலை, ஜன்னல் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். டேபிள் சா பெட்டியைப் பார்த்துவிட்டு, “தம்பி, முதல்ல மேசை பண்ணு. மேசை இருந்தா கை ரம்பமே போதும். மேசை இல்லேன்னா எந்த மெஷினும் பத்தாது” என்றார். கேட்டேன். வாங்கியதிலும் செய்ததிலும் எனக்கு முழுப் பயன் தந்தது அந்த மேசைதான்.

பழைய வீடு இடிக்கும் இடங்களிலிருந்து வரும் மரத்தை விற்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. காரைக்குடிப் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். நான் இரண்டு பழைய கதவு நிலைகள் வாங்கினேன், 4 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம், இரண்டும் சேர்த்து 3,000 ரூபாய். தேக்கு இல்லை, ஏதோ நாட்டு மரம், ஆனால் நாற்பது வருடம் காய்ந்தது. இனி வளையாது. ஒரு நிலையின் 7 அடிச் சட்டம் இரண்டில் மேசைக்கு நான்கு கால் வந்துவிடும். மற்ற நிலை குறுக்குச் சட்டங்களுக்கு.

பழைய மரத்தில் ஆணி இருக்கும். வெளியே தெரியாது, பெயிண்டுக்கு அடியில் ஒடிந்து கிடக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு நூலில் கட்டி, சட்டத்தின் நாலு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே தயங்கி ஒட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் குறி. ஒரு சட்டத்தில் மட்டும் பதினொரு குறி போட்டேன். கீல் இருந்த இடத்தில் தவறவிட்ட பன்னிரண்டாவது ஆணி, புது ரம்பத்தில் நாலு பல்லைத் தின்றது.

மேல்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் ஒரே ஷீட். அதில் 5 அடிக்கு 2 அடி என்று இரண்டு துண்டு அறுத்து, பசை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 36 மி.மீ. கனம் வரும். மிச்சமுள்ள 4 அடிக்கு 3 அடித் துண்டு மேசைக்குக் கீழே தட்டு. பசை காயும்வரை மேலே அழுத்தம் வேண்டும். கிளாம்ப் போதாமல் நான்கு அரிசி மூட்டையும் அம்மாவின் ஆட்டுக்கல்லும் வைத்தேன். பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், அதுதான் தண்ணீர் தாங்கும் வகை. ஐஎஸ் 303 மலிவு, ஆனால் திறந்த ஷெட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விலைப்பட்டியலில் ‘வாட்டர் புரூப்’ என்று எழுதியிருப்பது போதாது, ஷீட்டில் முத்திரை வேண்டும்.

உயரம் ஆளுக்கு ஆள் மாறும். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு எங்கே இருக்கிறதோ அதுதான் மேசை மட்டம். எனக்கு 34 அங்குலம். அதைவிட உயரமாக வைத்தால் இழைக்கும்போது தோளில் பலம் இறங்காது.

மரத்தை இறுக்கிப் பிடிக்க மேசையில் பொருத்தும் 9 அங்குல மர வைஸ் 2,500, பிளைவுட் 3,800, போல்ட்டும் பசையும் 700. நிலை மரத்தோடு சேர்த்து மேசைக்கு 10,000 ரூபாய் ஆனது. நாலு வார இறுதிகள் பிடித்தன.

7. மரம் வாங்குவதும் அடுக்குவதும்

மரவாடியில் கணக்கு கன அடியில். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 7 அடி நீளம், 6 அங்குலம், 2 அங்குலம் என்றால் 84-ஐ 144-ஆல் வகுத்து 0.58 கன அடி. இதைப் போனில் நீங்களே போட்டுப் பாருங்கள். இழைப்பதற்கு முன் உள்ள அளவுக்குத்தான் காசு, இழைத்த பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து கால் அங்குலம் வரை குறையும். அறுப்புக் கூலி, இழைப்புக் கூலி, வண்டி வாடகை தனி. மூன்றையும் விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள். தேக்கோ ஈட்டியோ வண்டியில் வரும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட அது வேண்டும். தோட்டத்தில் வெட்டினேன், பேப்பர் இல்லை, பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் தொடாதீர்கள்.

ஈரம் பார்க்க 1,200 ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது. வேண்டாமென்றால் ஒரு துண்டை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போடுங்கள், எடை குறைவது நிற்கும்வரை மரம் இன்னும் காயவில்லை. பச்சை மரத்துக்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. காய அடுக்கும்போது ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு, எல்லா ரீப்பரும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக. கோடு மாறினால் பலகை வளையும்.

துண்டு மரம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு அடிக்குக் குறைந்ததை ஒரு பீப்பாயில் போடுங்கள், பீப்பாய் நிறைந்தால் இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுங்கள். பிளைவுட் துண்டைக் கொடுக்காதீர்கள், பசைப் புகை கெடுதல்.

8. சுவரில் மாட்டுவது

ஒரு பலகைப் பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்த்து இரண்டாக அறுங்கள். ஒரு பாதி சுவரில், சாய்வு சுவரைப் பார்த்து. மறு பாதி, அலமாரிக்கோ உளிச் சட்டத்துக்கோ பின்னால், தலைகீழாக. ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், ஆணி அடிக்காமல் இடம் மாற்றலாம். எட்டு அங்குல இடைவெளியில் நாலு வரிசை போட்டேன். வெள்ளம் வந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே கொண்டுபோகலாம். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதற்கென்று உள்ள ஆங்கர் கேளுங்கள்.

திருகாணிகளுக்குப் பழைய ஊறுகாய் பாட்டில்கள். மூடியைத் தட்டின் அடியில் திருகிவிட்டால் பாட்டில் தொங்கும். வேறு பெட்டி வாங்க வேண்டாம்.

9. வாங்கும் வரிசை

டிரில், மூலைமட்டம், நல்ல டேப், கை ரம்பம், மூன்று உளி, ஒரு இழைப்புளி, உளி தீட்ட ஒரு கல், ஆறு கிளாம்ப். இவ்வளவு 12,000 ரூபாய்க்குள் முடியும். இதோடு ஒரு ஸ்டூல், ஒரு புத்தக அலமாரி செய்யுங்கள். செய்யும்போது எந்த வேலை கையை அதிகம் நோகவைக்கிறதோ அதற்கு மெஷின் வாங்குங்கள். எனக்கு அது உப்புத்தாள் போடுவது, சாண்டர் வாங்கினேன், 5,000. அடுத்து சர்க்குலர் சா. டேபிள் சாவைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதற்கு வேலையே குறைவாக இருந்தது.

ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் தேய்ந்தால் மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ், பெல்ட் இரண்டும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள். விலை தெரியும், எந்த மெஷினுக்கு ரிப்பேர் ஆள் இருக்கிறார் என்பதும் தெரியும். பில்லும் வாரண்டி அட்டையும் வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள், வெப்பத்தில் பில்லின் எழுத்து ஒரே வருடத்தில் மறைந்துவிடும்.

10. எப்போது தொடங்குவது

தையில். மழை நின்றிருக்கும், சுவர் காய்ந்திருக்கும், எலக்ட்ரீஷியன் கிடைப்பார். பெயர் மாற்றம் போன்ற காகித வேலை இருந்தால் அதைப் புரட்டாசியிலேயே போட்டுவிடுங்கள். தையில் வயரிங்கும் கரையான் மருந்தும், மாசியில் மேசை, பங்குனியில் சுவர். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் மதியம் யாரும் நிற்க முடியாது, காலை எட்டு மணிக்குள் கை வேலையை முடித்துவிடுங்கள்.

11. விற்க ஆரம்பித்தால்

சொந்தக்காரருக்கு ஒரு ஸ்டூல் செய்து கொடுப்பது வேறு, மாதம் பத்து ஸ்டூல் விற்பது வேறு. விற்பனை தொடர்ந்து நடந்தால் வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, அனுமதித்ததற்கு மாறான பயன்பாட்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம் போடலாம், எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து. தனி இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். அதைச் செய்து தருகிறேன் என்று 2,000 ரூபாய் கேட்டு எனக்கே ஒரு போன் வந்தது.